அன்ரி இழுத்த அலுமாரி

ஒரு சாமானை வைச்ச இடத்தில வைச்சிருக்க அந்த மனிசிக்கு ஏலாது. இதை இப்ப ஆறுதலாச் சொல்லுறன். அந்தக் காலத்தில எண்டால் பல்லைக் கடிச்சுக்கொண்டுதான் சொல்லியிருப்பன். காலமை வேலைக்குப் போகேக்க வாசலடியில இருந்த செருப்புத் தட்டு பின்னேரம் வரேக்க மாடிப்படிக்குக் கீழ நிக்கும். சாப்பாட்டு மேசை யன்னலோரம் போகும், யன்னலோரம் நிண்ட கதிரை சாமியறை வாசலுக்குப் போகும். குளிக்கிற அறையில சவர்க்காரம் வைக்கிற இடம் எனக்குத் தெரிய ஆறு தரம் மாறினது. கண்ணுக்குள்ள நுரையோட சுவரைத் தடவித் தடவி நான் அவவைத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கையொண்டில அவவின்ர வீடு. பத்து அறை, பொம்பிளைப் பிள்ளையளுக்கு மட்டும். சண்டைக்காலம். வேலைக்கு எண்டும் படிப்புக்கு எண்டும் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்க எண்டும் வடக்கில இருந்து வாற பிள்ளையள் அங்க வந்து இறங்குவினம். நான் பம்பலப்பிட்டியில ஒரு கந்தோரில வேலை செய்துகொண்டு ஏழு வருசம் அந்த வீட்டில இருந்தன். எல்லாருக்கும் அவ அன்ரி. பேர் எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பேரால அவவை ஆரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, அதால இங்கயும் அன்ரியாவே இருக்கட்டும்.

ஹோலில ஒரு முதிரை மரத்து அலுமாரி நிண்டது. முகம் பாக்கிற கண்ணாடி பதிச்சது, யானைக் கனம். அதுக்கும் விடுதலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலமை ஆறுதலாக் கிடப்பம் எண்டு பாத்தால் சீமெந்து நிலத்தில அது உராயிற சத்தம் கேக்கும். பல்லுக் கூசும். எழும்பி வந்தால் அன்ரி சீலைத் தலைப்பை இடுப்பில செருகிக்கொண்டு நிப்பா. "மற்றப் பக்கத்தை ஒருக்காப் பிடி பிள்ளை." இழுத்து வைச்சிட்டு ரண்டடி பின்னுக்கு நிண்டு பாப்பா. இப்பதான் வீடு மூச்சு விடுது எண்டுவா. அடுத்த மாதம் அதே இடத்தில வீட்டுக்கு மூச்சு முட்டும், திரும்பவும் இழுக்க வேணும்.

அலுமாரியோட நிண்டால் பரவாயில்லை. ஆக்களையும் விடமாட்டா. உனக்குச் சளி, கடல் காத்து ஒத்துவராது, நாலாம் அறைக்கு மாறு. உனக்குச் சோதினை வருது, அஞ்சாம் அறைதான் அமைதி. அவள் அழுதுகொண்டிருக்கிறாள், தனிய விடக்கூடாது, எனக்குப் பக்கத்து அறைக்கு வரட்டும். எல்லாத்துக்கும் ஒரு நல்ல காரணம் இருக்கும், அதுதான் இன்னும் எரிச்சல். எதிர்த்துக் கதைக்கிறவள் நன்றி கெட்டவளாப் போயிடுவாள். நான் மட்டும் ஒண்டாம் அறையை விட்டு அசையேல்லை. அவவோட பிடிச்ச எத்தினையோ சண்டையில நான் வெண்டது அது ஒண்டுதான்.

இவ்வளவையும் மாத்திற மனிசி ஒண்டை மட்டும் மாத்தமாட்டா. வந்து இறங்கிற பிள்ளைக்கு அண்டைக்கே ஒரு நம்பர் குடுப்பா. அறை நம்பர் இல்லை, ஆளின்ர நம்பர். அவளின்ர கோப்பைக்கும் தட்டுக்கும் அடியில சிவப்பு நகப்பூச்சால அதை எழுதுவா. பிறகு ஒரு தடிச்ச சீ.ஆர். கொப்பியில அந்த நம்பருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பேர், ஊர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி, பொலிசுக்குப் பதியக் கூட்டிக்கொண்டு போகேக்க அந்தப் பக்கத்திலயும் ஒரு சீல் வாங்கிக்கொண்டு வருவா. ஒரு பிள்ளை வெளிக்கிட்டுப் போனாலும் அவளின்ர நம்பரை இன்னொருத்திக்குக் குடுக்கமாட்டா. கோப்பை கூட அலுமாரிக்குள்ளதான் இருக்கும்.

நான் ஒன்பது. "ஒன்பது, உனக்குப் போன்" எண்டு ஹோலில நிண்டு கூப்பிடுவா. எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோவம் வரும். நானென்ன அன்ரி சிறையில இருக்கிற மறியற்காரியோ எண்டு ஒருநாள் கேட்டிட்டன். இந்த வீட்டில மூண்டு பேருக்கு ஒரே பேர், பேரைச் சொன்னால் மூண்டும் ஓடி வருதுகள் எண்டு சொல்லிப்போட்டு அவ தன்ர பாட்டுக்குக் கீரை ஆஞ்சுகொண்டு இருந்தா.

அந்த நாளில வீட்டில இருக்கிற எல்லாற்ற விபரமும் பொலிசுக்குக் குடுக்க வேணும். ஆள் வந்தால் ஒரு பட்டியல், போனால் ஒரு பட்டியல், அறை மாறினாலும் புதுப் பட்டியல், அதுவும் அறை ஒழுங்கில, மூண்டு பிரதி. இவ வாரத்துக்கு ரண்டு தரம் ஆக்களை அறை மாத்தினால் எழுதிற கைக்கு என்ன நடக்கும்? எழுதிற கை பெரும்பாலும் என்ர கை. பொறுக்க ஏலாமல், எங்கட கந்தோரில கழிச்சுவிட்ட ஒரு பழைய கொம்பியூட்டரை வாங்கிக்கொண்டு வந்து ஹோலில வைச்சன். பட்டியலை அதில போட்டன். எனக்கு அப்ப என்னில நல்ல எண்ணம்.

நான் செய்தது இதுதான். முதல் பக்கத்தில ஆக்கள்: எந்த அறையில ஆர், எந்த ஊர், என்னத்துக்கு வந்தவை. ரண்டாம் பக்கத்தில பொலிசுக்குப் போற படிவம். படிவத்தில பேரை நான் அடிக்கேல்லை. முதல் பக்கத்தில முதலாம் வரியில ஆர் இருக்கினமோ அவையின்ர பேரை இங்க கொண்டுவா, ரண்டாம் வரியில ஆர் இருக்கினமோ அவையின்ர பேரை அடுத்ததில கொண்டுவா, இப்பிடி ஃபோர்முலா எழுதி விட்டன். அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் படிவத்திலயே நேரா அடிச்சு வைச்சன். அதுக்கும் ஃபோர்முலா எழுதியிருக்கலாம். பஞ்சி. வேறயொண்டும் இல்லை, வெறும் பஞ்சி, சோம்பேறித்தனம்.

அன்ரி மூண்டு நாளில கொம்பியூட்டரை நோண்டப் பழகினா. அதுக்குள்ளயும் அவவுக்கு இழுக்க, தள்ளச் சாமான் கிடைச்சிட்டுது. ஊர் ஏன் பேருக்குத் தள்ளி நிக்குது, கிட்ட வரட்டும். இந்தக் கட்டம் வெறுமையாக் கிடக்குது, நடுவில ஏன். ஒருநாள் கந்தோரால வந்து பாத்தால், ஆற்ற பேரும் இல்லை, பத்து அறைக்கும் நேர கொம்பியூட்டர் பிழை காட்டிற 'ரெஃப்', 'ரெஃப்' எண்ட சொல்லு இங்கிலீசில வரிசையா நிக்குது. சமயம் எண்ட நிரலை வேலையில்லாமல் நிக்குது எண்டு அழிக்கப் போய், பக்கத்தில நிண்ட பேர் நிரலையும் சேத்து அழிச்சுப்போட்டா. பேர் இருந்த இடமே இல்லாமல் போக ஃபோர்முலா என்ன செய்யும்? எல்லா அறையிலயும் இருக்கிற இந்த ரெஃப் எண்டவ ஆர் பிள்ளை எண்டு என்னைக் கேட்டா. சிரிப்பு வந்திருக்க வேணும். எனக்கு அழுகை வந்தது. இருந்து எல்லாத்தையும் திருப்பி அடிச்சன்.

பிறகுதான் நான் கெட்டித்தனம் காட்ட வெளிக்கிட்டன். ஃபோர்முலா முழுக்க டொலர் அடையாளம் போட்டன். கந்தோரில ஒருத்தர் சொல்லித் தந்தவர், டொலர் போட்டால் பூட்டுப் போட்ட மாதிரி, அசையாது எண்டு. என்ர வீட்டுப் பிள்ளையளுக்கு இங்க இருக்கேக்கயே டொலரோ எண்டு அன்ரி பகிடி விட்டா. அறை ஒழுங்குக்கு ஆக்களை அடுக்கிற பொத்தானையும் அவவுக்குக் காட்டிக் குடுத்தன். காட்டிக் குடுத்திட்டு, இனி நீங்கள் என்னத்தை இழுத்தாலும் ஒண்டும் நடக்காது அன்ரி எண்டு சொன்னன்.

"என்னத்தை இழுத்தாலுமோ?"

"என்னத்தை இழுத்தாலும்."

அவவின்ர முகத்தில வந்த சந்தோசத்தை நான் மறக்கேல்லை.

முப்பத்தொண்டு எண்ட பிள்ளை வன்னியில இருந்து வந்து மூண்டு கிழமைதான். இருபத்து மூண்டு வயசு, வாயைத் திறந்து கதைக்கவே பயம். கனடாவில மாப்பிள்ளை. எம்பசியில நேர்முகம் வியாழக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு. அதுக்காக அவளின்ர தாய் காணியை ஈடு வைச்சு, வன்னியை விட்டு வெளிக்கிடப் பாஸ் எடுத்து, கொழும்பு வரைக்கும் கொண்டுவந்து விட்டிட்டுத் திரும்பிப் போனவ. அந்த ஒரு காலமைக்காகத்தான் அவள் எங்களோட இருந்தவள்.

திங்கட்கிழமை அன்ரிக்கு யோசினை வந்திட்டுது. முப்பத்தொண்டின்ர ஆறாம் அறையில காத்தாடி பழுது. நித்திரை இல்லாமல் எம்பசிக்குப் போனால் பிள்ளை தடுமாறும். ரண்டாம் அறையில நல்ல காத்தாடி. அங்க இருந்த பதினேழு ஒரு பள்ளிக்கூட ரீச்சர், அஞ்சு வருசமாக் கொழும்பில இருக்கிறவ. அவ முணுமுணுத்துக்கொண்டு ஆறுக்குப் போனா, முப்பத்தொண்டு ரண்டுக்கு வந்தாள். அன்ரி கொம்பியூட்டரில ரண்டு பேற்ற அறையையும் மாத்தி, நான் காட்டின பொத்தானை அமத்தி, மூண்டு பிரதி எடுத்து, செவ்வாய்க்கிழமை தானே கொண்டுபோய்ப் பொலிசில குடுத்திட்டு வந்தா. உன்னைக் கரைச்சல்படுத்தாமல் இந்த முறை நானே செய்திட்டன் எண்டு என்னட்டைச் சொன்னா. நான் பல்லு விளக்கிக்கொண்டு நிண்டன். நல்லம் அன்ரி எண்டன். பட்டியலைப் பாக்கேல்லை.

புதன்கிழமை விடியப் பொலிஸ் செக்கிங் வந்தது. ஒழுங்கை முழுக்கச் செக்கிங். எங்களை ஹோலில அறை ஒழுங்கில நிப்பாட்டினாங்கள். சார்ஜன் பட்டியலை வைச்சுக்கொண்டு பேரைக் கூப்பிட்டு அடையாள அட்டையைப் பாத்துக்கொண்டு வந்தான். நான் முதலாவது, எனக்குச் சரி. ரண்டாவது முப்பத்தொண்டு. அட்டையைப் பாத்தான், பட்டியலைப் பாத்தான், திரும்ப அட்டையைப் பாத்தான். அவளின்ர பேருக்கு நேர இருந்தது வேற ஆற்றையோ இலக்கம். ஆறாவது நிண்ட பதினேழுக்கும் அதே மாதிரி. பதினேழிட்டைப் பள்ளிக்கூடக் கடிதம் இருந்தது, அஞ்சு வருசப் பதிவு இருந்தது, நல்லாச் சிங்களம் கதைப்பா. முப்பத்தொண்டிட்டை என்ன இருக்கு? வன்னி எண்டு ஒரு பிறந்த இடம் இருந்தது. ஜீப்பில ஏத்தினாங்கள். அவள் அழக்கூட இல்லை. திரும்பி அன்ரியைத்தான் பாத்தவள்.

ஜீப் போன கையோட நான் கொம்பியூட்டரைப் போட்டன். ரண்டு நிமிசம் தேவைப்படேல்லை. அன்ரி அமத்தின பொத்தான் சரியாத்தான் வேலை செய்திருக்கு. முதல் பக்கத்தில முப்பத்தொண்டு ரண்டாம் வரிக்கும் பதினேழு ஆறாம் வரிக்கும் போயிட்டினம். என்ர ஃபோர்முலா ரண்டாம் கதிரையில ஆர் குந்தினாலும் அவையின்ர பேரைக் கொண்டுவந்து வைக்கிறது. அதுக்கு ஆளைத் தெரியாது, கதிரையைத்தான் தெரியும். நான் பஞ்சியில கையால அடிச்ச இலக்கங்கள் மட்டும் பழைய இடத்தில அப்பிடியே நிண்டுது. அந்த டொலர் ஃபோர்முலாவை வேற கட்டத்துக்குப் படியெடுக்கேக்கதான் பிடிச்சு வைக்கும், கதிரையில ஆள் மாறினால் அதால ஒண்டும் செய்ய ஏலாது. இது தெரியாமல்தான் நான் என்னத்தை இழுத்தாலும் எண்டு சொல்லியிருக்கிறன்.

அன்ரி சீலை மாத்திக்கொண்டு சீ.ஆர். கொப்பியோட வெளிக்கிட்டிட்டா. நானும் கூடப் போனன். பொலிசில பெரியவர் முன்னுக்கு இருந்து கொப்பியின்ர முப்பத்தோராம் பக்கத்தை விரிச்சு, பேர், இலக்கம், உங்கட சீல் எண்டு விரலை வைச்சுக் காட்டினா. பதினேழாம் பக்கத்தையும் காட்டினா. அந்தாள் நல்லாப் பாத்திட்டு, கொப்பி சரி, அப்ப பட்டியல் ஏன் பிழை எண்டு கேட்டார்.

"மகே வெரத்த, மாத்தயா" எண்டு சிங்களத்தில சொன்னா அன்ரி. என்ர பிழைதான் ஐயா. இடம் மாத்திற விசர் எனக்கு, மெசினில எதையோ பிழையா அமத்திப்போட்டன், பிள்ளை பாவம்.

நான் அவவுக்குப் பக்கத்தில நிண்டன். இல்லை, பிழை என்ர எண்டு சொல்ல வாய் திறந்தன். ஃபோர்முலா, கொம்பியூட்டர் எண்டு நான் துவங்கினால் என்னையும் உள்ள இருக்கச் சொல்லுவினம் எண்டு பயம் வந்தது. வாயை மூடினன். உண்மை அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்கு நியாயம் இல்லை.

மேலிடத்துக்குக் கடிதம் போய் வர வேணும் எண்டாங்கள். முப்பத்தொண்டை வியாழக்கிழமை பின்னேரம் விட்டாங்கள். ஒன்பது மணி எப்பவோ முடிஞ்சுபோச்சு.

அடுத்த நேர்முகத்துக்கு எட்டு மாதம். அதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டில வேற இடம் பாப்பமோ எண்டு ஒரு கதை எழும்பி, தாய் ஊரில இருந்து கடிதத்துக்கு மேல கடிதம் போட்டு, பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்த எட்டு மாதமும் முப்பத்தொண்டு எனக்கு முன்னாலதான் இருந்து சாப்பிட்டாள். கோப்பையைத் தூக்கிக் குடிக்கேக்க அடியில இருக்கிற சிவப்பு நம்பர் எனக்கு நேர தெரியும். நான் தட்டைப் பாத்துக்கொண்டு சாப்பிடுவன். கடைசியில அவள் கனடாவுக்குப் போனாள், கலியாணமும் நடந்தது. ஆனால் பிழை என்ர எண்டு அவளுக்குச் சொல்ல என்னால ஏலாமலே போச்சு.

செக்கிங் நடந்த அதே கிழமை நான் பட்டியலைத் திருப்பிச் செய்தன். இந்த முறை வரியையும் கதிரையையும் நம்பேல்லை. அன்ரி குடுத்த நம்பரையே ஒவ்வொருத்திக்கும் முன்னால போட்டு, முப்பத்தொண்டு எங்க இருந்தாலும் தேடிப் பிடிச்சு அவளின்ர பேரையும் அவளின்ர இலக்கத்தையும் சேத்துக் கொண்டுவா எண்டு எழுதினன். நிரலையும் எண்ணிப் பாக்காமல் தலைப்பைப் பாத்துத் தேடச் சொன்னன். வரியை மாத்திப் பாத்தன், நிரலை இழுத்துப் பாத்தன், நடுவில வெறும் கட்டம் செருகிப் பாத்தன். அசையேல்லை. எனக்கு விசர் வந்தது. மறியற்காரியோ எண்டு நான் கத்தின நம்பரைத்தான் கடைசியில பிடிக்க வேண்டி இருந்தது.

இப்ப எதை இழுத்தாலும் ஒண்டும் நடக்காது, இது சத்தியம். ஆனால் இழுக்க ஆள் இல்லை. அந்தச் செக்கிங்குக்குப் பிறகு அன்ரி ஒரு சாமானிலயும் கை வைக்கேல்லை. செருப்புத் தட்டு வாசலடியில நிண்டபடி நிண்டது. சவர்க்காரம் ஒரே மாடத்தில இருந்து இருந்து அடியில கறை பிடிச்சுது. அலுமாரி சுவரோட ஒட்டிப்போச்சு. ஞாயிற்றுக்கிழமை காலமை நான் முழிச்சுப் படுத்திருப்பன், ஒரு சத்தமும் கேக்காது. ஒருநாள் பொறுக்க ஏலாமல், அன்ரி, அலுமாரியை அந்தப் பக்கம் வைச்சால் வெளிச்சம் வருமெல்லோ எண்டு நானே கேட்டன். "வேண்டாம் பிள்ளை. நான் இடம் மாத்தினதால ஒரு பிள்ளை பட்டது காணும்." அப்பவாவது சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை.

கலியாணம் கட்டிக் கல்கிசைக்குப் போய் மூண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு பின்னேரம் கோச்சியில ஏறி அன்ரியைப் பாக்க வந்தன். அவவுக்கு இடுப்பில நாரிப்பிடிப்பு, முன்னத்தைப் போல நடக்க மாட்டா. என்ர கோப்பையிலதான் தேத்தண்ணி தந்தா. ஹோல் நான் விட்டிட்டுப் போன மாதிரியே இருந்தது, ஒரு கதிரை கூட அசையேல்லை. அதைப் பாக்கப் பாக்க எனக்குத் தாங்கேல்லை. ஃபோர்முலா, பஞ்சி, கதிரை, டொலர், பொலிசில வாய் மூடினது எல்லாத்தையும் ஒரே மூச்சில கொட்டினன். நீங்கள் அமத்தினது சரியான பொத்தான் அன்ரி, பிழை முழுக்க என்ர எண்டன்.

அவ அழப்போறாவோ, ஏசப்போறாவோ தெரியேல்லை. பிறகு அலுமாரியைப் பாத்தா.

"அப்ப இவ்வளவு வருசமும் நான் இதைச் சும்மாவோடி இந்த இடத்தில விட்டு வைச்சனான்?"

அவ என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது அது ஒருதரம்தான். நல்ல கோவம். எனக்கு அந்தக் கோவம் ஆறுதலா இருந்தது.

பிறகு எழும்பிப் போய்ச் சீ.ஆர். கொப்பியைக் கொண்டு வந்து முப்பத்தோராம் பக்கத்தை விரிச்சு என்ர மடியில போட்டா. பேர், இலக்கம், சீல். அதுக்குக் கீழ கனடா விலாசம் ஒண்டு, வெட்டி இன்னொண்டு, அதையும் வெட்டி இன்னொண்டு. போன் நம்பரும் மூண்டு தரம் மாறியிருந்தது. பக்கத்தின்ர தலையில 'முப்பத்தொண்டு' எண்ட நம்பர் மட்டும் அவள் வந்த நாள் எழுதின அதே மையில மாறாமல் இருந்தது.

"எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? எட்டு மாதம் இருந்தது அவள். அங்க இப்ப விடிஞ்சிருக்கும். எடு."

நம்பரை அமத்தினன். மணி போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பின்னால அந்தச் சத்தம் துவங்கினது. நாரிப்பிடிப்புக்காரி தனிய நிண்டு தள்ளுறா, கால் அங்குலம், கால் அங்குலமா. பல்லுக் கூசிச்சுது. போனை வைச்சிட்டு ஓடிப்போய் மற்றப் பக்கத்தைப் பிடிப்பம் எண்டு நினைச்ச நேரம் அங்கால எடுத்தாள்.

"ஹலோ, ஆர்?"

"ஒன்பது கதைக்கிறன்" எண்டன்.

எந்த ஒன்பது எண்டு அவள் கேக்கேல்லை. எனக்குப் பின்னால கேக்கிற சத்தத்தைக் காதைக் குடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் எண்டு விளங்கிச்சுது.

"அன்ரி அலுமாரி இழுக்கிறாவோ அக்கா?"

"ஓம்" எண்டன். பிறகு சொல்லத் துவங்கினன்.